மூன்றாம் படியில் ஒரு ஃபேன்

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இருநூறுக்குச் சற்றுக் குறைவான சூத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே மூன்று. ஆடாமல் உட்கார், அவஸ்தைப்படாமல் உட்கார் என்பதுதான் சாரம். தலைகீழாக நில், முதுகை வளை என்றெல்லாம் அவர் யாரையும் படுத்தவில்லை. அந்த வேலையைப் பிற்காலத்து ஹட யோக நூல்களும், அதற்கப்புறம் எங்கள் குடியிருப்பு யோகா மாஸ்டரும் எடுத்துக்கொண்டார்கள்.

எட்டுப் படிகளில் ஆசனம் மூன்றாவது. முதல் இரண்டும் இயமம், நியமம். அதாவது கொல்லாதே, பொய் சொல்லாதே, திருடாதே வகையறா. மாடிப்படியைத் தாவி ஏறும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நாங்கள் நேராக மூன்றாவதில் கால் வைத்துவிட்டோம். 2015 முதல் ஜூன் 21 சர்வதேச யோகா தினம். அன்றைக்கு எல்லாரும் ஆசனத்தில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பொய் சொல்லாமல் இருப்பதை எந்தக் கோணத்தில் படம் எடுப்பது?

வகுப்பு, விடிகாலையில் தரைத்தள ஹாலில். சென்னையின் மே மாதம். இருப்பது ஒரே பெடஸ்டல் ஃபேன். அதற்கும் கழுத்து திரும்பாது. முதலில் பாய்கள் ஒழுங்காக வரிசையில்தான் இருக்கும். திரிகோணாசனத்தில் காலை அகட்டி வைக்கிற சாக்கில் மூன்றாவது மாடி சார் ஒரு முழம் முன்னேறுவார். புஜங்காசனத்தில் எல்லாரும் பாம்பு. ஊர்ந்தால் யார் கேட்பது? சவாசனம் வருவதற்குள் பாதி ஹால் காலியாகி, ஃபேன் முன்னால் பிணங்களுக்கு இடநெருக்கடி. அஸ்தேயம் என்றால் பிறர் பொருளைக் கவராமை. காற்று யாருடைய பொருள் என்று பதஞ்சலி தெளிவுபடுத்தவில்லை என்பது மூன்றாவது மாடி சாரின் வாதம். ஓய்வுபெற்ற வக்கீல்.

"எல்லா உயிரும் நல்லா இருக்கட்டும்..." என்று மாஸ்டர் தணிந்த குரலில் ஆரம்பிப்பார். பட்டென்று ஒரு சத்தம். ஒரு கொசு முடிந்தது. யாரும் கண்ணைத் திறக்க மாட்டோம். அதுவும் ஒரு நாகரிகம்தானே.

வாய்மை நிலவரம் இன்னும் சுருக்கம். "வீட்டுல பிராக்டீஸ் பண்றீங்களா மேடம்?" "டெய்லி மாஸ்டர்."

அபரிகிரகம் பற்றிப் பேசவே வேண்டாம். பொருள் சேர்க்காமையைக் கற்றுக்கொள்ள கார்க் பாய், அதற்கொரு பை, பெல்ட், இரண்டு கட்டைகள் தேவைப்படுகின்றன.

திருமூலர் விவரமானவர். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமப் பட்டியலை நீட்டி, பகிர்ந்து உண்பதையும் சேர்த்திருக்கிறார். ஏதோ அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்தவர்போல. எங்கள் இரண்டாவது மாடி மாமி, தேங்காயும் மாங்காயும் துருவிப் போட்டு முளைகட்டின பயறு கொண்டுவருவார். பத்மாசனத்தில் மாட்டிய காலைப் பிரிக்க முடியாமல் "ஐயோ மாஸ்டர்" என்று அலறிக்கொண்டிருக்கும் பேங்க் மேனேஜர், டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டதும் எழுந்து நிற்கிற வேகத்தைப் பார்க்க வேண்டும். கடைசி வரிசைக்கு எலுமிச்சை விதை மிஞ்சும்.

"முதல் ரெண்டு படியையும் எப்ப சார் சொல்லித் தருவீங்க?" என்று மாஸ்டரைக் கேட்டேன்.

"சனிக்கிழமை சாயங்காலம் அதுக்குன்னு தனி பேட்ச் போட்டேன் சார். ஃபீஸ்கூடக் கிடையாது. ஃபேனுக்கு நேரா எடம் காலியாவே கெடந்துச்சு."