ஆறடி ஐந்தங்குலத்துக்கு மேல் அனுமதி இல்லை

வாசகர், திருச்சி: என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காத அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்கள் என்ன செய்வார்கள்?

பெட்டி கட்டுவார்கள். அங்கே 30 அணிகள், அணிக்கு 15 முழுநேர இடம். ஆக 450 பேருக்குத்தான் பந்தி. கல்லூரிகளின் முதல் டிவிஷனிலோ 350க்கு மேல் அணிகள்! மிச்சப் பேர் இஸ்தான்புல், டெல் அவிவ், மணிலா என்று கிளம்ப வேண்டியதுதான். அமெரிக்கனுக்குப் பூகோளப் பாடம் நடத்துகிற விளையாட்டு.

வாசகி, கோவை: வெளிநாட்டில் சம்பளம் எப்படி?

ஐரோப்பாவில் பேசுவதெல்லாம் பெரும்பாலும் 'நெட்' தொகை. வரி கிளப் கணக்கு. வீடு, கார், விமான டிக்கெட்டும் அப்படியே. ஏஜென்ட் கமிஷன்கூடப் பல இடங்களில் கிளப் தலையில்தான். நான் சொன்னது பேசுவது பற்றி. கொடுப்பது பற்றி அடுத்த கேள்வி.

வாசகர், மதுரை: கொடுக்காமல் ஏமாற்றினால்?

ஜெனீவாவில் பஞ்சாயத்து! இதற்கென்றே 2007இல் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா ஒரு நடுவர் மன்றம் தொடங்கியது. ஒரே ஒரு நடுவர், பெரும்பாலும் எழுத்திலேயே விசாரணை. எந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தையும் புரட்டாமல், நியாயம் எதுவோ அதையே தீர்ப்பாகச் சொல்லலாம். ஆலமரமும் சொம்பும்தான் குறை. தீர்ப்பை மதிக்காத கிளப் புது வீரரைச் சேர்க்க முடியாதபடி தடை விழும், அதாவது ஊர்விலக்கு.

ஒப்பந்தத்தில் இந்த மன்றத்தின் பெயரை எழுதிக்கொள்ளாமல் கையெழுத்துப் போட்டவருக்கு? அனுதாபங்கள்.

வாசகர், சேலம்: ஸ்டெஃபான் மார்பரி சீனாவுக்கு ஓடிப்போனாரே, என்ன ஆனார்?

சிலை ஆனார். என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1996இல் நான்காவதாக எடுக்கப்பட்டவர், இரண்டு முறை ஆல்-ஸ்டார். ஆனாலும் நியூயார்க்கில் சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். 2010இல் ஷான்ஸி, அடுத்து ஃபோஷான், பிறகு பெய்ஜிங் டக்ஸ். 2012, 2014, 2015 என மூன்று பட்டங்கள். முதல் பட்டத்துக்கே அரங்கத்துக்கு வெளியே சிலை எழுப்பிவிட்டார்கள். 2014இல் தன் கதையைச் சொல்லும் இசை நாடகத்தில் தன் வேடத்தில் தானே நடித்தார். கடைசியில் சீனாவின் நிரந்தர வசிப்பு அட்டையும் கைக்கு வந்தது. ஓடிப்போனவனுக்கு இத்தனை மரியாதையா என்றால், ஓடிய திசை அப்படி!

வாசகர், ஈரோடு: ஒரே ஆட்டத்தில் 75 பாயிண்ட் போட்டால் ஊரே தூக்கிக் கொண்டாடும், இல்லையா?

2018 நவம்பரில் ஷாங்காய் அணிக்காக ஜிம்மர் ஃப்ரெடெட் போட்டார். ஆட்டம் 137-136. தோற்றது ஷாங்காய்.

வாசகி, தஞ்சாவூர்: பிலிப்பைன்ஸில் வெளிநாட்டு வீரருக்கு உயர வரம்பு உண்டாமே, நிஜமா?

நிஜம். அங்கே வெளிநாட்டு வீரருக்குப் பெயரே 'இம்போர்ட்'. சில போட்டிகளில் இம்போர்ட் இத்தனை உயரம்தான் இருக்கலாம் என்று விதி. 2016 கவர்னர்ஸ் கப்பில் அது 6 அடி 5 அங்குலம். உலகமெங்கும் கூடைப்பந்து வீரர் ஓர் அங்குலத்தைக் கூட்டிச் சொல்வார். மணிலாவில் மட்டும் அளவுகோலைக் கண்டதும் முழங்கால் லேசாக மடங்கும்.

அந்தக் கோப்பைக்குத்தான், காயம்பட்ட ஒருவருக்கு மாற்றாக ஜஸ்டின் பிரவுன்லீ வந்தார். என்.பி.ஏ. டிராஃப்டில் யாரும் சீந்தாத ஆள். இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், நேரம் முடிகிற நொடியில் மூன்று பாயிண்ட் பந்தைப் போட்டு, ஜினேப்ரா அணியின் எட்டு வருடப் பட்டினியைத் தீர்த்தார். 2023 ஜனவரியில் அவர் ஒருவரைக் குடிமகனாக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பிலிப்பைன்ஸுக்கு, 1962க்குப் பிறகு முதன்முறையாக ஆடவர் கூடைப்பந்துத் தங்கம்.

குடியுரிமைக்கு உயர வரம்பு கிடையாது.

வாசகர், சிவகாசி: அப்படியானால் பணக்கார நாடு ஐந்து அமெரிக்கர்களைக் குடிமக்களாக்கி உலகக் கோப்பையைத் தட்டிச் செல்லலாமே?

உங்கள் மூளை ஃபிபாவுக்கும் உண்டு. 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை வாங்கியவர் அணிக்கு ஒருவர்தான். அந்த ஒருவரும் சும்மா இல்லை: நியூ ஆர்லியன்ஸ்காரர் போ மெக்காலெப்பை வைத்துக்கொண்டு 2011 ஐரோப்பியப் போட்டியில் குட்டி நாடான மாசிடோனியா, லிதுவேனியாவை அதன் மண்ணிலேயே காலிறுதியில் கவிழ்த்தது.

வாசகர், வேலூர்: போனவர் யாராவது திரும்பி வந்து ஜெயித்ததுண்டா?

பி.ஜே. டக்கர். 2006இல் என்.பி.ஏ.வின் டொரான்டோ எடுத்தது, சீசன் முடிவதற்குள் கழற்றிவிட்டது. இஸ்ரேலின் ஹோலோன் அணியில் சேர்ந்து 2008இல் பட்டம்; 1994 முதல் மக்காபி டெல் அவிவ் விடாமல் பிடித்து வைத்திருந்த பட்டம் அது. அப்புறம் உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி. 2012இல் ஃபீனிக்ஸ் கூப்பிட்டது. 2021இல் மில்வாக்கியோடு சாம்பியன். கழற்றிவிட்ட டொரான்டோ? 2017இல் வீரர் ஒருவரையும் டிராஃப்ட் வாய்ப்புகளையும் கொடுத்து அவரையே திரும்ப வாங்கியது!

வாசகி, புதுச்சேரி: பெண்களும் போகிறார்களா?

ஆண்களுக்கு அது மாற்று ஏற்பாடு. பெண்களுக்குப் பல வருடம் அதுதான் நிஜச் சம்பளம். அமெரிக்க வீராங்கனை டயானா டராசிக்கு ரஷ்யாவின் எகடெரின்பர்க் கிளப் தந்தது அமெரிக்க லீகின் சம்பளத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல். 2015இல் கோடை சீசனில் அமெரிக்காவில் ஆடாமல் ஓய்வெடுக்கச் சொல்லி அதற்கும் காசு. சும்மா இருக்கும் வித்தையைச் சித்தர்கள் இலவசமாகச் சொன்னார்கள். ரஷ்யர்கள் பணமும் கொடுத்தார்கள்.

வாசகி, அதே ஊர்: பிரிட்னி கிரைனரும் அந்தக் கிளப்தானே?

ஆமாம். 2022 பிப்ரவரி, மாஸ்கோ விமான நிலையம், பெட்டியில் கஞ்சா எண்ணெய்க் குழல்கள், ஒன்பது ஆண்டுத் தண்டனை. டிசம்பரில் ஆயுத வியாபாரி விக்தர் பூட்டை விடுவித்து அமெரிக்கா அவரை மீட்டது. இதற்கு நக்கல் கிடையாது.

வாசகர், திண்டுக்கல்: இந்தியர் யாரும் என்.பி.ஏ. பக்கம் போகவில்லையா?

பஞ்சாப்காரர் சத்னம் சிங்கை 2015இல் டல்லாஸ் 52ஆவதாக எடுத்தது. ஏழடிக்கு மேல் உயரம். என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்க வாய்ப்பு வரவில்லை. பிறகு அமெரிக்காவிலேயே தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். அங்கே ஆளைத் தூக்கிப் போட்டால் ஃபவுல் இல்லை.

வாசகர், நாகர்கோவில்: என் மகன் பிளஸ் டூ. உயரம் 6 அடி 3 அங்குலம். எந்த நாட்டு கிளப்புக்கு அனுப்பலாம்?

கடிதம் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பையன் பந்து போடுவானா என்று எங்கேயும் காணோமே!