சைகோன் தாத்தா, சியாம் ரீப் பேத்தி

காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளின் ஆண்கள் சைகோனில் இருந்தார்கள். போலீஸ், சுங்கம், பட்டாளம், துணிக்கடை என்று ஆளுக்கொரு வேலை. என் தாத்தாவுக்குச் சுங்க இலாகா. சில வருஷங்களுக்கு ஒரு தடவை கப்பலில் வருவார், பட்டுத் துணியும் பீங்கான் கிண்ணங்களும் கொண்டுவருவார், திரும்பிப் போய்விடுவார். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். சைகோனில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, அந்த ஊர்க்காரர்களும் வந்து கும்பிடுகிறார்கள் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாராம். "அந்த ஆத்தாவ ஒரு தடவ பாத்துடணும்னு இருந்துச்சு" என்று அப்பாயி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஆசையாகத்தான் சொன்னாள், குறையாக இல்லை. அவளை அழைத்துப் போகலாம் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை.

நான் ஊர் பார்க்காதவள் அல்ல. 1992இல் என் வீட்டுக்காரருடைய எல்.டி.சி. பயணச் சலுகையில் டெல்லி, ஆக்ரா, ஹரித்வார் எல்லாம் போனோம். மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள், பம்ப் ஸ்டவ், சாம்பார்ப் பொடி, அரிசி மூட்டை. ராத்திரியில் துணி துவைத்து சத்திரத்து ஜன்னலில் காயப்போடுவேன். தாஜ்மகாலில் மேடைக்குக் கீழே செருப்புகளோடும் பைகளோடும் என்னை உட்காரவைத்துவிட்டு எல்லோரும் மேலே போனார்கள். அவர்கள் இறங்கி வந்தபோது ரயிலுக்கு நேரமாகிவிட்டது. என் கணவர் அன்பில்லாதவர் இல்லை. அதை அழுத்தியே சொல்கிறேன். குடும்பமாகக் கிளம்பினால் ஆண்கள் ஊரைப் பார்ப்பார்கள், பெண்கள் மற்றதையெல்லாம் பார்த்துக்கொள்வார்கள். அப்படித்தான் எல்லா வீட்டிலும் நடந்தது.

ஆசிரியர் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, பெண்கள் மட்டும் போகும் வியத்நாம் – கம்போடியா டூருக்கு என் பென்ஷன் பணத்தில் முன்பணம் கட்டினேன். "எனக்கு முழங்கால் தாங்காது, நீ போய்ட்டு வா" என்று அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள்தான் விடவில்லை. "தனியாவா போற?" குழுவில் இருபது பேருக்கு மேல் இருக்கிறோம் என்று சொன்னாலும் மறுபடி அதே கேள்வி. எங்கள் அப்பாயி அத்தனை வருஷம் ஒற்றை ஆளாகக் குடும்பத்தைத் தாங்கினாளே, அவளைப் பார்த்து ஒருவராவது இப்படிக் கேட்டிருப்பார்களா? வீட்டுக்குள் எவ்வளவு தனியாக இருந்தாலும் அது கண்ணில் படாது. வாசலைத் தாண்டினால் மட்டும் எல்லோருக்கும் கவலை வந்துவிடும்.

ஓர் அறைக்கு இரண்டு பேர். என்னோடு தங்கியவர் கும்பகோணத்துப் பக்கம், என்னைவிடச் சின்னவர், கணவரை இழந்தவர். முதல் ராத்திரி, "அக்கா, லைட்ட அணச்சிடட்டுமா? ஏசி எத்தனைல வச்சா உங்களுக்குத் தூக்கம் வரும்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எனக்கு எப்படி இருந்தால் தூக்கம் வரும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. அந்த ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவரவர் மாத்திரை டப்பா, அவரவர் டாலர், அவரவர் பை. கம்போடியாவில் கடைகளில் டாலரே செல்லும். ஆனால் சில்லறையை ரியலில் தருவார்கள், ஒரு டாலருக்கு ஏறக்குறைய நாலாயிரம். ஓரம் கிழிந்த நோட்டை வாங்கவே மாட்டார்கள். வீட்டுச் செலவுக்குக் கணவர் கையை எதிர்பார்த்தே பழகிய பெண்கள் இரண்டாம் நாளே இந்தக் கணக்கையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார்கள்.

சைகோனுக்கு இப்போது ஹோ சி மின் நகரம் என்று பெயர். மாரியம்மன் கோயில் அங்கேயே இருக்கிறது. வியத்நாமியப் பெண்கள் கருவறையைச் சுற்றியுள்ள கல்சுவரில் நெற்றியை வைத்துத் தங்கள் குறையை முணுமுணுக்கிறார்கள். அவர்களோடு நின்று அப்பாயி பெயரைச் சொல்லி ஊதுபத்தி ஏற்றினேன்.

அங்கிருந்து கம்போடியாவின் சியாம் ரீப். அங்கோர் வாட்டில் பாற்கடல் கடையும் சிற்பம் ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். ஒரு பக்கம் அசுரர், ஒரு பக்கம் தேவர், நடுவில் விஷ்ணு. அதை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாக நடந்து பார்த்தேன். "சீக்கிரம் வா" என்று ஒரு குரலும் கூப்பிடவில்லை. ஆனால் நான் வந்ததே பந்தியாய் ஸ்ரீ கோயிலுக்காக. 967இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில் அது. கட்டியவர் அரசர் இல்லை. யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர். செந்நிறக் கல்லில் மரத்தைச் செதுக்குவதுபோல் நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். வாசல்கள் நம் உயரத்துக்குக்கூட இல்லை. கிழக்குக் கோபுர முகப்பில் பத்துக் கைகளோடு சிவன் ஆடுகிறார். கீழே ஓரத்தில் வற்றிய உடலோடு, தொங்கிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பெண் அவள். புனிதவதி. அவள் வேண்டியதும் கையில் மாங்கனி வந்த அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன் வாணிபம் என்று கப்பலேறினான். திரும்பி வந்தவன் ஊருக்கு வராமல் பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்துகொண்டான். சுற்றத்தார் இவளைப் பல்லக்கில் ஏற்றி அவனிடமே கொண்டுபோய் விட்டார்கள். அவன் காலில் விழுந்து கும்பிட்டான். அவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்று பேய் வடிவம் கேட்டு வாங்கியவள், கயிலைக்குத் தலையால் நடந்தாள். இந்தக் கதையைச் சிறு வயதிலிருந்து பக்திக் கதையாகவே கேட்டிருக்கிறேன். அந்த முகப்பின் கீழே நின்றபோது அவளுடைய பயணம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. கடல் கடந்து போன கணவனின் பெயர் கதையில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. விட்டுப் போகப்பட்டவள் கடல் கடந்து கம்போடியாவில் கல்லாக இருக்கிறாள், ஆயிரம் வருஷத்துக்கு மேலாக. அறைத்தோழி என் தோளைத் தொட்டு, "உங்க ஊரு ஆளாக்கா இது?" என்றார். ஆமாம் என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இந்த ஆனி மாங்கனித் திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்த பெண்களிடம் போனில் அந்தச் சிற்பத்தின் படத்தைக் காட்டினேன். எவ்வளவு ஆகும், மீன் குழம்பு கிடைக்குமா, மாடிப்படி நிறைய ஏறணுமா என்று விசாரித்தார்கள். கடைசியில் ஒருத்தி, "பாஸ்போர்ட்டுக்கு அவரு கையெழுத்து வேணுமே டீச்சர்" என்றாள். வேண்டாம் என்றேன். கணவன் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பத்தை எடுக்க மாட்டோம் என்று பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒரு பெண்ணிடம் சொன்னதால் அவர் வழக்குப் போட, மனைவி பாஸ்போர்ட் வாங்கக் கணவனின் அனுமதி தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் காலத்தில்தான், அதுவும் இத்தனை தாமதமாக! 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். ஆதாரையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறேன். கம்ப்யூட்டர் என் வீட்டில் இருக்கிறது. விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.