நீலக்குறி இயல்

மனிதக் குணம் ஐந்து என்பர் உளவியலார்: கலகலப்பு, ஒழுங்கு, இணக்கம், புதுமை நாட்டம், மனக்கலக்கம். இவற்றை அளக்க கோஸ்டா, மெக்ரே இருவரும் 1992இல் திருத்தி வெளியிட்ட தேர்வில் 240 கூற்றுகள் உள்ளன. அத்தனையும் மிகை என்பது இக்கட்டுரையின் துணிபு. குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு காதுகுத்துப் பத்திரிகையைப் போட்டால் போதும்.

நான் போட்டது 2022 ஜூனில். கலகலப்புக்காரர்கள் உடனே குரல்பதிவு அனுப்பினார்கள். குக்கர் விசில் நன்றாகக் கேட்டது. ஒழுங்குக்காரர்கள் வழக்கம்போல் விடியற்காலையில் ரோஜாப்பூ வணக்கம் வைக்க, பத்திரிகை பூவுக்கடியில் புதைந்தது. இணக்கத்துக்குச் சான்று என் மச்சான். கைகூப்பி ஒரு படம், அவ்வளவுதான். வருகிறேன் என்பதா, மன்னியுங்கள் என்பதா? உச்சிமேற்புலவர் கொள் நச்சினார்க்கினியரே வந்தாலும் உரை சொல்ல முடியாது. தாய்மாமன் அவர்; மடி உறுதியாகாமல் ஆசாரியிடம் எப்படித் தேதி சொல்வது? புதுமை நாட்டம் எங்கள் குடும்பத்தில் கிடைக்கவில்லை.

விரிவாக ஆராயத்தக்கவர் சித்தப்பா. படித்தது பிறருக்குத் தெரியக்கூடாதென்று நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர். இதில் இரண்டு விதிகளை அவர் அறியார். அணைத்தவருக்குப் பிறருடைய நீல டிக்கும் தெரியாது என்பது ஒன்று. அந்த மறைப்பு குரூப்பில் செல்லாது என்பது மற்றொன்று. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து ‘இன்ஃபோ’வைத் தொட்டால் யார், எத்தனை மணிக்குப் படித்தார் என்பது வந்துவிடும். சித்தப்பா படித்தது இரவு 9.42. தங்கம் விலை பற்றிய ஃபார்வர்டை அதே குரூப்பில் போட்டது 9.43.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். வாட்ஸப் அந்த மே மாதம் தந்த ரியாக்‌ஷன்களோ ஆறு; அவற்றில் வெகுளி இல்லை. ஜூலையில் எல்லா இமோஜிகளும் வந்தபோது காதுகுத்து முடிந்துவிட்டது.

மனக்கலக்கத்துக்கு ஒரே ஒருவர் அகப்பட்டார். அந்த ‘இன்ஃபோ’வை ஓர் இரவில் 17 முறை திறந்து பார்த்தவர். ஆய்வு நெறி கருதி அவர் பெயர் மறைக்கப்படுகிறது.

சித்தப்பா முதல் பந்தியிலேயே உட்கார்ந்திருந்தார். “ஏன்டா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அண்ணி சொல்லித்தான் தெரியும்” என்றார். மொய் 501.