பதிலி ஆளும் பாராசிட்டமாலும்

இன்னா பாப்பா, காலையிலேர்ந்து அந்தப் போனையே மொறைச்சிக்கினு உக்காந்திருக்கே? 101 ஜொரம்னு உங்கம்மா சொல்றா. ராத்திரி டூட்டிக்குப் போவறதா, லீவு போடறதான்னு உனக்கு ரோசனை. இதுல ரோசனை பண்ண இன்னா இருக்கு? போ தாயி, கெளம்பு. நீ போவலன்னா அந்த ஆஸ்பத்திரி இன்னிக்கி ராத்திரியே இடிஞ்சி விழுந்துடும். பாண்டிச்சேரி பீச் ரோட்டுல நிக்கறாரே காந்தி, அவரே தடியை ஊனிக்கினு எறங்கி வந்து "எங்கப்பா அந்த சிஸ்டரு"ன்னு கேட்டாலும் கேப்பாரு.

போறதுன்னு ஆயிப்போச்சின்னா முறையாப் போவணும். பொறப்படறப்ப பாராசிட்டமால் ஒண்ணைப் போட்டுக்க. வாசல்ல நெத்திக்கி நேரா மிஷினைக் காட்டினா 98ன்னு காட்டும். ஜொரம் போயிடல, மாத்திரைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு இருக்குது; அது மிஷினுக்குத் தெரியாது. டெம்போல நாலு பேரை இடிச்சிக்கினு உக்காந்து, போற வழியிலயே கொஞ்சம் இருமிடு. உள்ள போனதும் மொதல் கட்டில் சக்கரை வியாதிக்காரப் பெருசு. அவருக்கு ஊசி போடறப்ப ஒரு இருமல். அடுத்தது நேத்து ஆபரேஷன் ஆன அம்மா. கட்டுப் பிரிக்கறப்ப ஒரு தும்மல். யாருக்கும் கொறை வெக்காம கோயில் பிரசாதமாட்டம் குடுத்துக்கினே போ. ஒரு வாரத்துல வார்டு பூரா இருமும். அதைப் பாத்துக்கறதுக்கு உன்னையே கூப்ட்டு டபுள் டூட்டி போடுவாங்க. மே 12 நர்சுங்க தினத்துக்கு மேடையில ஏத்தி சால்வை கூட போத்துவாங்க.

சிரிக்காத. சிரிச்சா இருமல் வருது பாரு. அந்தப் பக்கம் திரும்பி இருமு, எனக்கு எம்பது தாண்டிச்சி.

உனக்கு ஜொரத்துக்குப் பயம் இல்ல, இன்சார்ஜ் சிஸ்டர் கொரலுக்குத்தான் பயம். அதான் ரூமுக்குள்ள போயி தொண்டையைக் கட்டின மாதிரி பேசிப் பேசிப் பாக்கறே. எல்லாம் எங்காதுல உழுந்துச்சி. நெசமாவே ஜொரம் அடிக்கறவளுக்கு எதுக்கும்மா இந்த ஒத்திகை? ஆடி மாசம் வீராம்பட்டினம் தேருக்கு வயித்து வலின்னு லீவு போட்டியே, அன்னிக்கி எவ்ளோ கணீர்னு பேசின! கவர்னரே வந்து வடம் புடிக்கற தேரு, வெள்ளைக்காரன் காலத்து வழக்கம், ஊருக்கே அன்னிக்கி லீவு. ஆஸ்பத்திரிக்கி மட்டும் ஏது லீவு? நீ போனதை நான் தப்புன்னு சொல்லல, தேங்கா பழம் எனக்கும்தான் கெடச்சிது. ஆனா அந்தப் பொய் வலிதான் இன்னிக்கி மெய் ஜொரத்துக்குக் குறுக்கால வந்து படுத்துக்கினு கெடக்குது.

சரி, ஒரு பழைய சமாச்சாரம் சொல்றன். நான் வயசுப் பையனா இருக்கறப்ப வில்லியனூர்லேர்ந்து சைக்கிள் மிதிச்சிக்கினு போயி மில்லு கேட்டாண்ட பதிலியா நின்னவன். சங்கு ஊதும். உள்ள போற கூட்டம் போயி முடிஞ்சதும் மேஸ்திரி கேட்டுக்கு வருவாரு. எந்த மிஷினுக்கு ஆளு வரலன்னு கையில கணக்கு இருக்கும். விரலை நீட்டி "நீ வா, நீ வா, நீ போ"ம்பாரு. ஜொரம் வந்தவன் வூட்ல கஞ்சி குடிச்சிக்கினு படுத்திருப்பான். அவனுக்கு அன்னிக்கிக் கூலி கெடையாது, அது வேற வயித்தெரிச்சல். ஆனா "உன்னால மிஷினு நின்னுச்சி"ன்னு யாரும் அவனை வூடு தேடி வந்து ஏசல. மிஷினு நிக்கவும் இல்ல. அங்க நான் நிக்கறனே!

பருத்தி நூலு அறுந்துடப் போவுதுன்னு அவ்ளோ கவலைப்பட்டு வாசல்ல ஆளை நிக்க வெச்சாங்க. உங்க வார்டு வாசல்ல யாரு நிக்கறது? நீ நர்சிங் படிக்கறப்ப திண்ணையில உக்காந்து சத்தம் போட்டுப் படிப்பியே, எனக்கு எழுத்துதான் எட்டாது, காது நல்லாவே எட்டும். இந்தியன் நர்சிங் கவுன்சில் கணக்குன்னு சொல்லுவே: டீச்சிங் ஆஸ்பத்திரி வார்டுல 3 பேருக்கு ஒரு நர்சு, ஐ.சி.யூ.வுல ஆளுக்கு ஒரு நர்சு, அதுக்கு மேல லீவுல போறவங்களுக்கு ஈடா நூத்துக்கு 30 பேரு கூடுதல். அந்த 30 பேருதாம்மா பதிலி. எங்க இருக்காங்க? காயிதத்துல சுகமா இருக்காங்க, அவங்களுக்கு ஜொரமே வராது. ராத்திரி உன் ஒருத்திக்கி எத்தினி கட்டிலு? வேணாம், சொல்லாத, எனக்கு பி.பி. ஏறும்.

உன் கூட்டாளிப் பொண்ணு உனக்கும் சேத்து ஓடணுமேன்னு வருத்தப்படறே. அது நாயமான வருத்தம்தான், நான் கிண்டல் பண்ண மாட்டன். ஆனா சூட்சுமத்தைப் பாரு: ஆளைக் கொறைச்சது ஒருத்தரு, பாவம் உந்தலையில. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்துக்கினு குத்தவாளியாட்டம் நிப்பீங்க. கணக்கைக் கொறைச்சவரு ஏ.சி. ரூம்ல டீ குடிப்பாரு. அவ மேல இரக்கம் இருந்தா இப்பவே போன் போடு. ஏழரை மணிக்கி டூட்டி, ஏழே காலுக்குப் போன் பண்றியே, அதான் அவளுக்குச் செய்யற துரோகம்.

இந்த ஊரு மண்ணுல பொறந்துட்டு இதுக்குப் போயி நடுங்கறியேன்னுதான் எனக்கு ஆத்தாமை. 1936 ஜூலை 30, சவானா மில்லு. எங்கப்பன் சொல்லிச் சொல்லி அழுவாரு. பிரெஞ்சுப் பட்டாளம் சுட்டு 12 தொழிலாளி செத்தான். அதுக்கு அடுத்த வருஷம்தான் எட்டு மணி நேர வேலைன்னு இங்க சட்டம் வந்துச்சி. ஆசியாவுலயே மொதல்ல நாங்கதான்னு கம்யூனிஸ்டு தலைவர் வ.சுப்பையா கட்சிக்காரங்க இன்னிக்கி வரைக்கும் மேடையில சொல்லிக்கினு இருக்காங்க. எட்டு மணி நேரத்துக்கு 12 பேரைக் குடுத்த ஊருல, நீ 12 மணி நேரம் நைட்டு டூட்டி. அதையும் ஜொரத்தோட பாக்கறேங்கறே. ஜூலை 30க்கி மாலை போடறப்ப உன்னையும் கூட்டிக்கினு போயி நிக்க வெக்கணும்.

விளக்கு ஏத்தி சத்தியம் பண்ணிட்டனேம்பே. அந்த விளக்கு அம்மா கதையும் நீ படிச்சிக் கேட்டதுதான். நைட்டிங்கேலம்மா 1855-ல கிரிமியா சண்டையில ஜொரம் வந்து சாவக் கெடந்தாங்களா இல்லியா? ஊருக்குத் திரும்பி வந்தும் ஒடம்பு தேறாம, வருஷக்கணக்கா கட்டில்லயே கெடந்துதான் அவ்ளோ எழுத்தும் எழுதினாங்க. 90 வயசு வாழ்ந்தாங்க. 1859-ல போட்ட புஸ்தகத்துல ஒரு சமாச்சாரம் வருதுன்னு சொன்னியே: நீ இருக்கறப்ப நடக்கறது நீ இல்லாதப்பவும் நடக்கறாப்போல ஏற்பாடு பண்ணி வெக்கணும்னு. நான் இல்லன்னா ஒண்ணும் ஓடாதுன்னு பெருமை பேசறவங்களை அந்தம்மாவுக்கு ஆவாதாம். நர்சுங்க தினத்துக்குக் கேக்கு வெட்டறவங்க அந்தப் பக்கத்தையும் பிரிச்சிப் பாக்கலாம்.

காசு விசயம். ஒரு நாள் சம்பளம் போனா வண்டித் தவணை இடிக்கும், தெரியும். ஆனா மாசாமாசம் ஈ.எஸ்.ஐ.ன்னு புடிக்கறானே, அது எதுக்கு, சாமிக்கா? 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு, நூத்துக்கு முக்கா ரூவா உங்கிட்ட, மூணே கால் ரூவா மொதலாளிகிட்ட. ஆறு மாசக் கணக்குல 78 நாளு கட்டியிருந்தா, டாக்டர் சீட்டோட கோரிமேடு ஈ.எஸ்.ஐ.க்கி நடந்தா, வருஷத்துல 91 நாள் வரைக்கும் சம்பளத்துல நூத்துக்கு 70 குடுப்பான். மொத ரெண்டு நாளுக்குக் கெடையாதாம். யாரு போட்ட கணக்கோ, ஜொரம் கொதிக்கறதே அந்த ரெண்டு நாளுதான். உன் சித்தி கவர்மெண்டு நர்சு, அவளுக்கு வேற மாதிரி: வருஷத்துக்கு 20 நாளு அரைச் சம்பள லீவு, டாக்டர் சீட்டு குடுத்தா முழுச் சம்பளமா மாத்திக்கலாம், ஒரு நாளுக்கு ரெண்டு நாளைக் கழிப்பான். திரும்பி வர்றப்ப ஃபிட்னஸ் சீட்டு வேற. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த எதிர் வூட்டு சொல்தாவைப் பாரு, பிரெஞ்சுப் பென்சன் வாங்கறதுக்கு வருஷா வருஷம் "நான் உசுரோட இருக்கறன்"னு சர்டிபிகேட் காட்டணும். நீ "எனக்கு நோவு"ன்னு காட்டணும். ஒரே தெருவுல ரெண்டு கூத்து.

அதுக்காக மூக்கு ஒழுவினாலே போத்திக்கினு படுத்துக்கச் சொல்லல. வெறும் சளின்னா மாஸ்க்கை ஒழுங்கா மாட்டிக்கினு போ, கையைக் கழுவு. வேலை அலுத்துப் போயி ஒடம்பு வரமாட்டேங்குதா? அதுவும் நோவுதான், ஆனா அதுக்கு ஜொரம்னு பேரு வெக்காத; சி.எல்.லை எடுத்துக்கினு தூங்கு. ஜொரமும் இருமலும் ஒண்ணா வந்தா போவக் கூடாது. மாத்திரை போடாமலே ஜொரம் உட்டு 24 மணி நேரம் ஆவணும். வாந்தி பேதியா, நின்னு 48 மணி நேரம். இதுவும் நீ அடுத்தவங்களுக்கு சொல்றதுதான், நான் சும்மா திருப்பிச் சொல்றன்.

எடு போனை. மெசேஜ் அடிச்சி அடிச்சி அழிக்காத, பேசு. "சிஸ்டர், 101 ஜொரம், இருமல் இருக்குது, இன்னிக்கி நைட்டு வர முடியாது, நாளைக்கி சாயங்காலம் எப்பிடி இருக்குதுன்னு சொல்றன்." அவ்ளோதான். அத்தை வந்தாங்க, மாமா வந்தாங்க, மழையில நனைஞ்சன், எதுவும் சேக்காத. காரணம் நீள நீள அவங்களுக்கு சந்தேகமும் நீளும். அவங்க ஒரு பெருமூச்சு உட்டு, "வேற ஆளே இல்லியேம்மா"ம்பாங்க. நீ "ஆமாங்க சிஸ்டர், இல்லதான்"னு சொல்லிட்டு வாயை மூடிக்கினு இரு. அதுக்கப்புறம் பேச வேண்டியது அவங்க.

எங்க, ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறன். இவ்ளோ நேரம் தொண்டைத் தண்ணி வத்தப் பேசினவனுக்கு அது கூட இல்லியா?