நாலு சீட்டு விமானமும் அத்தையின் எடையும்

மலாக்காக்காரர் விமானம் ஏற வேண்டுமானால் முதலில் மலாக்காவை விட்டு வெளியேற வேண்டும். விமான நிலையமே இல்லாத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். பத்து பெரெண்டாமில் 2,135 மீட்டர் ஓடுபாதையோடும், பெயரில் 'அனைத்துலக' என்ற அடைமொழியோடும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 1956 பிப்ரவரியில் லண்டனில் பேச்சு முடித்து, மலாயாவின் சுதந்திரத் தேதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு துங்கு அப்துல் ரஹ்மான் வந்து இறங்கியது அங்கேதான். ஆனால் திருச்சிக்குப் போகிற நமக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பெக்கான்பாருவிலிருந்து வைத்தியத்துக்கு வரும் இந்தோனேசியர்களை நம்பிச் சில காலம் ஏடிஆர் 72 விமானங்கள் வந்து போயின. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நம்பி நடக்கிற சேவைக்கும் அவ்வப்போது உடம்பு சரியில்லாமல் போகும்தானே!

ஆகவே விடியற்காலை விமானத்துக்கு நடுராத்திரியில் வேன் பிடித்து, நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, சிப்பாங் விமான நிலையம் போய்ச் சேர வேண்டும். ஒருவர் பயணம் போனால் வழியனுப்ப எட்டுப் பேர் வருவார்கள். அந்த எட்டுப் பேரில் இருவருக்கு வேனில் வாந்தி வரும். பெட்டியை நிறுக்கும் இடத்தில் நாலு கிலோ கூடுதல் என்பார்கள். உடனே தரையில் பெட்டியை விரித்து மைலோ டின், கோடாலித் தைலம், அக்கா மகளுக்கு வாங்கிய சுடிதார் எல்லாவற்றையும் உலகத்துக்குக் காட்டி, எது போகும் எது நிற்கும் என்று குடும்ப மாநாடு நடக்கும்.

இப்படி ஒரு மாநாடு முடிந்து வீடு திரும்பிய மறுநாள்தான் என் மச்சான் அந்த யோசனையைச் சொன்னார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். செங் பக்கம் வீடு. காலையில் அவர் வாசலில் உட்கார்ந்து தே தாரே குடிக்கும்போது, மலேசியன் ஃபிளையிங் அகாடமியின் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். பத்து பெரெண்டாமின் உண்மையான வாடிக்கையாளர்கள் அந்தப் பிள்ளைகள்தான். ஏறுவார்கள், ஆயிரம் அடி உயரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள், இறங்கிச் சக்கரத்தைத் தரையில் தொட்டுவிட்டு மறுபடி ஏறுவார்கள். மாசி மகத்துக்கு சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் கூட்டம் நெரிகிற நாளில்கூட மேலே ஒன்று சுற்றிக்கொண்டிருந்தால், கீழே அன்னதானம் எங்கே நடக்கிறது என்று பார்க்கிறான் போல என்பார் மச்சான்.

"மாப்ள, அந்தச் சின்னப் பையன் ஓட்டுறான். நாம ஏன் ஒன்னு வாங்கி ஓட்டக் கூடாது? க்யூ இல்ல, கிலோ இல்ல, சிப்பாங் இல்ல. வீட்லேருந்து பத்து நிமிஷம் லா."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் சொன்ன விமானம் செஸ்னா 172. நாலு சீட்டு, ஒற்றை இயந்திரம், தலைக்கு மேலே இறக்கை. இதுவும் 1956-ல் விற்பனைக்கு வந்ததுதான். துங்கு வந்து இறங்கிய அதே வருஷம். அன்றிலிருந்து 44,000-க்கும் மேல் செய்துவிட்டார்கள். உலகத்திலேயே அதிகம் தயாரான விமானம் இதுதான். இவ்வளவு பேர் வாங்கியிருக்கும்போது நமக்கென்ன என்பது மச்சானின் வாதம். இன்றைக்குப் புதியது ஒன்றின் விலை 4 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டும் என்றேன். "பழசு பாப்போம்" என்றார். அவர் வாழ்நாளில் புதுக் கார் வாங்கியதில்லை. எல்லாக் கேள்விக்கும் அவரிடம் அந்த ஒரே பதில்தான்.

முதலில் திருச்சியை எடுத்துக்கொண்டோம். இங்கிருந்து திருச்சி நேர்கோட்டில் 2,700 கிலோமீட்டருக்கும் மேல். செஸ்னா 172 டாங்கி நிரம்ப எண்ணெய் போட்டால் 1,200 கிலோமீட்டர் வரை போகும். கணக்கை நான் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அத்தனை எண்ணெயும் தீர்கிற இடத்தில் தண்ணீர் மட்டும்தான் இருக்கும். "நடுவுல எங்கேயும் எண்ணெய்க் கடை இல்லையா?" என்று கேட்டார். ஆச்சேயில் இறங்கி ஊற்றிக்கொண்டாலும், அங்கிருந்து கொழும்பே 1,700 கிலோமீட்டர். எங்கள் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் ஆயிரக்கணக்கான டெக் பயணிகளை, அண்டா குண்டாவோடு சுமந்தது. அதில் வந்தவரின் பேரப்பிள்ளைகள் நாலு பேராகக் குறுகித் திரும்பிப் போகலாம் என்று பார்த்தால் வங்காள விரிகுடா இடம் கொடுக்கவில்லை.

சரி, பெக்கான்பாரு போகலாம். மலாக்கா நீரிணையைத் தாண்டி 220 கிலோமீட்டர். செஸ்னாவில் ஒரு மணி நேரம். வெளிநாட்டுப் பயணத்துக்கு வேண்டிய அனுமதி, சுங்கம், குடிநுழைவு எல்லாம் பார்த்துக்கொண்டால் போய்விடலாம். ஆனால் பெக்கான்பாருவில் நமக்கு யார் இருக்கிறார்கள்? சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு நாங்கள் போவதில்லை. இருக்கிற ஊர் பினாங்கு. தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் போகிறோம். சாலையில் 500 கிலோமீட்டர். நெரிசலில் எட்டு மணி நேரமும் ஆகும், பத்தும் ஆகும். வானத்தில் 400 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள். திட்டம் உறுதியானது. நான், மச்சான், என் மனைவி, அத்தை. அத்தை என்றால் மச்சானின் தாயார், என் மாமியார்.

இங்கேதான் விஷயம் கெட்டது.

நாலு சீட்டு விமானத்தில் நாலு பேர் போகலாம் என்பது சீட்டை எண்ணுகிறவர்களின் கணக்கு. விமானத்தின் கணக்கு வேறு. புதிய 172 தரையைவிட்டு எழும்போது மொத்த எடை 1,157 கிலோவைத் தாண்டக் கூடாது. இதில் விமானத்தின் சொந்த எடை போக, டாங்கி நிறைய எண்ணெயின் எடையும் போக, ஆட்களுக்கும் பெட்டிக்கும் மிஞ்சுவது 240 கிலோ சொச்சம். பின்பக்கம் பெட்டி வைக்கிற இடத்துக்குத் தனிக் கட்டுப்பாடு: 54 கிலோ. மச்சான் ஒருவரே நூறைத் தொட்டுக்கொண்டிருப்பவர். மீதி மூன்று பேரும் சேர்ந்து 140 கிலோவுக்குள் இருந்தாக வேண்டும். என் மனைவி இந்தக் கட்டுரையைப் படிப்பாள் என்பதால் அந்தக் கணக்கை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

பெரிய விமானத்தில் பெட்டியைத்தான் நிறுப்பார்கள், ஆளை நிறுப்பதில்லை. இதில் ஆளுக்குத்தான் முதல் தராசு. 1896-ல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து மலாக்காத் தமிழனுக்குத் தராசு புதிதில்லை. தோட்டத்தில் பால் கொட்டகையில் வரிசையாக நின்று வாளியைத் தூக்கி வைக்க, கிராணி எடை சொல்ல, அது புத்தகத்தில் ஏறும். ஆனால் கிராணிகூட வாளியைத்தான் நிறுத்தார். மாமியாரை ஏறி நிற்கச் சொல்லும் தைரியம் எந்தத் துரைக்கும் இருந்ததில்லை.

"நீங்களே கேளுங்க மாப்ள, நான் மகன், கேக்க முடியாது" என்றார் மச்சான்.

"நான் மருமகன், கேக்கவே முடியாது" என்றேன்.

இரண்டு நாள் இப்படியே போனது. கடைசியில் கிளினிக் அட்டையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மச்சான் அலமாரியைத் துழாவியபோது அத்தையே வந்துவிட்டார். விஷயத்தை விளக்கினோம். எடையைச் சொன்னார், கௌரவமாக, ஒரு சுற்று எண்ணாக. அது எந்த வருஷத்து எடை என்று கேட்கிற துணிச்சல் இருவருக்கும் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எடை எவ்வளவு என்பதோடு எங்கே உட்கார்கிறது என்பதும் முக்கியம். கனமானவர்கள் பின்னால் உட்கார்ந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், ஓட்டுவது ஆபத்து. ஆகவே அத்தையை முன்னால், ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். 172-ல் இரண்டு பக்கமும் ஸ்டீயரிங் உண்டு. அத்தைக்கு முன்னால் ஸ்டீயரிங் இருந்தால் விமானம் எந்தத் திசையில் போகும் என்று எனக்குத் தெரியும்: ஈப்போவில் அவர் தங்கை வீடு.

அத்தை கேட்ட முதல் கேள்வி, கழிவறை எந்தப் பக்கம்? எந்தப் பக்கமும் இல்லை. இரண்டாவது, சாப்பாடு? மூன்றாவது கேள்வி கேட்கவில்லை, கதை சொன்னார். அத்தை ஜாசின் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். சின்னப் பெண்ணாக இருந்தபோது அவசரகாலம். 1948-லிருந்து 1960 வரை. காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளைத் தேடி ஆஸ்டர் என்ற சின்ன விமானங்கள் மர உச்சியை உரசுகிற மாதிரி பறக்குமாம். சில விமானங்கள் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சரணடையச் சொல்லும், சில துண்டறிக்கை வீசும். தோட்டத்துப் பிள்ளைகள் துண்டறிக்கையைப் பொறுக்கிக் கப்பல் செய்து விளையாடுவார்கள். ஆனால் அவருடைய அம்மா சின்ன விமானச் சத்தம் கேட்டதும் அரிசிப் பானையைத்தான் எட்டிப் பார்ப்பாராம். காட்டுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று அரிசிக்கு அளவு வைத்து, ஆட்களை வேலிக்குள் அடைத்திருந்த காலம் அது. சின்ன விமானம் வந்தால் பின்னாலேயே போலீஸ் வரும், போலீஸ் வந்தால் பானையைத் திறக்கும்.

"அதுல ஏறிக்கிட்டு நான் முருகனப் பாக்கப் போவனா?" என்றார் அத்தை.

மச்சான் விடவில்லை. ஓட்டுவதற்கு உரிமம் எடுக்க வேண்டும். 17 வயது நிரம்பியிருந்தால் போதும் என்பதில் அவருக்கு ரொம்ப சந்தோஷம். மருத்துவப் பரிசோதனை உண்டு என்றபோது சந்தோஷம் கொஞ்சம் வடிந்தது. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. மானிய விலை ரோன் 95 பெட்ரோல் ஊற்ற முடியாது, ஆவ்கேஸ் என்று தனி எண்ணெய், மணிக்கு முப்பது லிட்டருக்கு மேல் குடிக்கும் என்றபோது மேலும் வடிந்தது. கண்ணால் பார்த்து ஓட்டுகிற உரிமத்தில் மேகத்துக்குள் நுழையக் கூடாது என்பதுதான் கடைசி அடி. நம்மூர் வானத்தில் மேகம் இல்லாத நேரம் எது? மத்தியானம் மூன்று மணிக்கு இடி. சில நாள் விடியலுக்கு முன்னால் சுமத்ராவிலிருந்து நீரிணையைத் தாண்டி வரிசையாகக் கருமேகம் வந்து கூரையைப் பிடுங்கும். அதற்குச் 'சுமத்ரா' என்றே பெயர். மழை இல்லாத மாதங்களில் அங்கே காட்டுக்கும் கரிநிலத்துக்கும் தீ வைத்த புகைமூட்டம். 1997-லும் 2015-லும் பள்ளிக்கூடத்தையே மூட வைத்த புகை அது. எதிர் வீட்டு மாமரம் தெரியாத நாளில் பினாங்கை எப்படித் தேடுவது? பெரிய விமானம் மேகத்துக்கு மேலே ஏறிப் போய்விடும். நாம் வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க வேண்டும். தைப்பூசமோ நமக்காகக் காத்திருக்காது.

இத்தனைக்கும் பிறகு அவர் ஒரு புது ஆயுதம் எடுத்தார். நம்ம ஊரிலேயே விமானம் செய்தார்கள் தெரியுமா என்றார். உண்மைதான். பத்து பெரெண்டாமில் சிடிஆர்எம் என்று ஒரு நிறுவனம், 1990-ல் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் வடிவமைத்த ஈகிள் 150 என்ற குட்டி விமானத்தை இங்கே கட்டினார்கள். உடம்பு முழுக்கக் காம்போசிட் என்கிற கலவைப் பொருள். உலோகத் தகடு இல்லை. மூக்குப் பக்கம் ஒரு சின்ன இறக்கை, நடுவில் பெரிய இறக்கை, வாலில் ஒன்று என்று மூன்று அடுக்கு. பார்க்க அழகான சாமான். அதிகம் விற்கவில்லை, நின்றுபோனது.

"எத்தனை சீட்டு?" என்று அத்தை கேட்டார்.

"ரெண்டு."

வீடே அமைதியானது. இரண்டு சீட்டு! எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் மட்டும் எங்கேயாவது போய்விட்டு வந்தால் அதைப் பயணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். யாரிடமும் சொல்லாமல் போனார்கள் என்பார்கள். பெரியம்மாவைக் கூப்பிடவில்லை என்பது ஆறு மாதம் ஓடும். அடுத்த கல்யாணத்தில் பந்தியில் எதிரொலிக்கும். அமெரிக்காவில் ஒரு பல் டாக்டரும் அவர் நாயும் சனிக்கிழமை காலையில் பறந்துபோய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம். சின்ன விமானம் உறவு குறைவாக உள்ளவர்களுக்காகச் செய்தது. பெரியம்மா, அவர் ஊறுகாய் ஜாடி, அவரைக் கவனித்துக்கொள்ள ஒரு பேத்தி என்று போகிற ஜனத்துக்கு 180 சீட்டு ஏ320-ஏ கொஞ்சம் நெருக்கம்தான்.

அடுத்த முறையும் சிப்பாங்தான். திருச்சிக்கு, அத்தையோடு. பெட்டியில் மூன்று கிலோ கூடுதல். வழக்கமான மாநாடு நடந்து முடிந்தது. மச்சானுக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. இறக்கையைப் பார்த்தவர் சும்மா இருக்கவில்லை. சிடிஆர்எம் இப்போது முழு விமானம் செய்வதில்லை. ஏர்பஸ்ஸுக்கு ஏ320 இறக்கையின் பாகங்களைச் செய்து அனுப்புகிறது. அதைப் பணிப்பெண்ணை நிறுத்திச் சொன்னார். அந்தப் பிள்ளை மரியாதையாகச் சிரித்துவிட்டு பெல்ட் போடச் சொன்னது.

அத்தை முன்னால் சாய்ந்து மகனைத் தட்டினார்.

"றெக்கை நம்ம ஊர்லேருந்துதான் வந்துச்சுன்னா, அந்த மூணு கிலோவுக்கு ஏன்டா காசு வாங்குனாங்க? போய்க் கேளு."