புரட்டாசிச் சனியும் லைகன் தெருவும்: ஒவ்வாமை குறித்து ஓர் ஆய்வு

தமிழ்ப் பஞ்சாங்கத்துக்கும் ஆஸ்திரேலியக் கால்பந்துக்கும் உள்ள உறவு அறிஞர்களின் கவனத்துக்கு இன்னும் வரவில்லை. அந்நாட்டுக்கே உரிய விதிகளோடு ஆடப்படும் அந்தக் கால்பந்தின் இறுதிப் போட்டி வழக்கமாகச் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நடக்கும். நமக்குப் புரட்டாசி பிறப்பது செப்டம்பர் 17 வாக்கில். ஆக, மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் கையில் கறி பொதிந்த மீட் பையும் பீருமாக உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தும் நாள் புரட்டாசிச் சனிக்கிழமைதான். 2020இல் பெருந்தொற்றின் காரணமாகப் போட்டியைப் பிரிஸ்பேனுக்கு மாற்றி, அக்டோபர் 24 இரவில் நடத்தினார்கள். அது ஐப்பசி. பெருமாளுக்கு அந்த ஆண்டு கிடைத்த நிம்மதி தனிக் கட்டுரைக்கு உரியது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது 2024 செப்டம்பர் 28, புரட்டாசி இரண்டாம் சனி, இரவுச் சாப்பாடு. களம், மெல்பர்னின் கார்ல்டன் பகுதியில் உள்ள லைகன் தெரு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கப்பல் கப்பலாக வந்த இத்தாலியர்கள் காப்பிக் கடையும் பிட்சாக் கடையும் வைத்து வளர்த்த தெரு. கடை வாசலில் மெனு அட்டையோடு ஆள் நின்று போகிற வருகிறவர்களைக் கூப்பிடுவது அங்கே இன்றும் உண்டு. மதுரை டவுன்ஹால் ரோட்டில் நடந்தவர்களுக்கு அந்தத் தெருவில் வழி தவறாது. அப்படிக் கூப்பிட்ட ஒருவரின் குரலுக்குப் பெரியப்பா கட்டுப்பட்டதால் ஆய்வுக் களம் முடிவாயிற்று.

ஆய்வுக்கு உட்பட்டோர்: அம்மா, பெரியப்பா, என் மனைவி, மெல்பர்னில் வேலை பார்க்கும் மகள், சிட்னியிலேயே வளர்ந்த மாப்பிள்ளை, எதையும் தின்னும் பருவத்தில் இருக்கும் அண்ணன் மகன். மாப்பிள்ளையை ஆரம்பத்திலேயே கணக்கிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. அன்று பிற்பகல் நடந்த அந்த இறுதிப் போட்டியில்தான் சிட்னி ஸ்வான்ஸ் அணி பிரிஸ்பேனிடம் 120க்கு 60 என்று தோற்றிருந்தது. அவர் சாப்பிடாததற்குக் காரணம் துக்கம். துக்க உபவாசம் வேறு துறை.

உட்கார்ந்த உடனே, பரிமாறும் பெண் கையில் சிறு நோட்டோடு வந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"யாருக்காவது அலர்ஜி இருக்கான்னு கேக்குறாங்க" என்றாள் மகள்.

"அலர்ஜியெல்லாம் ஒண்ணுமில்ல. சனிக்கிழமைன்னு சொல்லு" என்றார் பெரியப்பா.

மகள் சொன்னாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

இங்கே முந்தைய ஆய்வுகளைக் குறிப்பிடுவது மரபு. அந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயம் இல்லை. மெல்பர்னில் 2,848 குழந்தைகளை வைத்து நடத்திய ஹெல்த்நட்ஸ் ஆய்வு 2011இல் வெளியானது. அதன்படி ஒரு வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கும் மேல் உணவு ஒவ்வாமை இருந்தது. பச்சை முட்டைக்கு 8.9 சதவீதம், நிலக்கடலைக்கு 3 சதவீதம். கேட்காமல் பரிமாறினால் ஆம்புலன்ஸ் வரும் ஊர் அது.

நம் குடும்பங்களில் ஆம்புலன்ஸ் வராது. ஆனால் வழக்கு ஆயுளுக்கும் ஓடும். அன்று பெறப்பட்ட தரவுகள்: பெரியப்பாவுக்கு மாதம் முழுக்கக் கவிச்சி ஆகாது. அம்மாவுக்கு முட்டையும் ஆகாது, சனிக்கிழமையானால் வெங்காயம், பூண்டும் சேர்த்து. மனைவிக்குக் காளானைப் பார்த்தாலே குமட்டும். இது எல்லா மாதத்துக்கும் பொருந்தும். அண்ணன் மகனுக்கு ஒவ்வாதது எதிரே பெரியப்பா உட்கார்ந்திருப்பது மட்டுமே.

"சனிக்கிழமை எவ்வளவு தீவிரம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். முகத்தில் கேலி துளியும் இல்லை. "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கு" என்றார் பெரியப்பா. ஆகவே இது பரம்பரையாக வருவது என்பதும் உறுதிப்பட்டது. மருத்துவ ஒவ்வாமையிலிருந்து இது வேறுபடும் இடம் ஒன்றுதான்: அடுத்த மாதம் பிறந்தால் தானாகக் குணமாகிவிடும். ஐப்பசி முதல் தேதி கறிக்கடை வாசலில் பெரியப்பாவைப் பார்த்தவர்கள் இதற்குச் சாட்சி.

அடுத்து முட்டை. இந்திய உணவுச் சட்டம் முட்டையை அசைவத்தில் வைக்கிறது. முட்டை போட்ட கேக்குக்குப் பச்சைப் புள்ளி கிடைக்காது. ஆஸ்திரேலிய மெனுவில் பக்கத்தில் 'வி' என்று போட்டிருந்தால் அதற்குள் முட்டையும் அடக்கம். இந்த ஓரெழுத்தை நம்பி எத்தனை மாமியார்கள் மோசம் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. அந்தப் பெண் ஒளிக்கவில்லை. அன்றாடம் கடையிலேயே பிசைகிற பாஸ்தாவில் முட்டை உண்டு, காய்ந்த பென்னேயில் கிடையாது என்றாள். தூவுகிற பார்மிசான் சீஸுக்குக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால்தான் பாலைத் திரிப்பார்கள் என்றும் சொன்னாள். மேசையில் கொஞ்ச நேரம் பேச்சு மூச்சில்லை. பச்சைப் புள்ளியோடு விற்கும் நம்மூர் சீஸில் நுண்ணுயிர் ரென்னெட்தான் என்று நான் சொன்ன பிறகே அம்மாவுக்கு மூச்சு வந்தது.

ஆய்வின் மையமான கண்டுபிடிப்பு இனிமேல்தான். "கவிச்சி நறுக்குற பலகையிலயே இதையும் நறுக்குவாங்களான்னு கேளு" என்றாள் அம்மா. மகளுக்குக் கூச்சம்; கேட்கத் தயங்கினாள். கேட்டபோது அந்தப் பெண்ணுக்கோ இது தினம் கேட்கும் கேள்விபோல. கறிக்கு ஒரு நிறப் பலகை, காய்க்குப் பச்சை, ஒவ்வாமைக்காரர்களுக்கு ஊதா. கத்தி வேறு, இடுக்கி வேறு, கையுறையையும் மாற்றுவார்கள் என்று விவரித்தாள். அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் புரட்டாசி பிறப்பதற்கு முதல் நாளே மீன் சட்டி கொல்லைப்புறம் போய்விடும். அரிவாள்மனையைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். அதை மூடப்பழக்கம் என்று இருபது வயதில் வாதாடிய நான், அதே ஏற்பாட்டைச் சுகாதார நெறிமுறை என்று கார்ல்டனில் கேட்டுத் தலையாட்டினேன்.

வந்த தட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காய்ந்த பென்னே, தக்காளி, ஆலிவ் எண்ணெய், மேலே நாலு இலை. விலை 28 டாலர். அன்றைய நிலவரப்படி டாலர் 57 ரூபாய் சொச்சம். 1,600 ரூபாய் என்று பெரியப்பா வாய்விட்டே பெருக்கினார். அம்மா ஓர் இலையைக் கிள்ளி, விரலால் கசக்கி, மோந்து பார்த்தாள். "இது நம்ம கொல்லையில கிடக்குற திருநீத்துப்பச்சிலை" என்றாள். பேசில் என்று இத்தாலியர் கொண்டாடுவதும் சப்ஜா விதை தருவதும் ஒரே செடிதான், துளசிக்குப் பங்காளி. பெருமாள் மாதத்தில் துளசிக் குடும்பத்து இலை விழுந்த தட்டு குற்றமற்றது என்று முடிவாயிற்று. அண்ணன் மகன் கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் வெகுநேரம் கழித்து வந்தான். அவன் வாயில் வீசிய சலாமி வாசனை இந்த ஆய்வின் வரம்புக்குள் வராது.

ஒப்பீட்டுச் சோதனையும் செய்தோம். அடுத்த சனிக்கிழமை சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் கோயில். 1985இல் குடமுழுக்குக் கண்ட கோயில். வார இறுதியில் கேன்டீனில் தோசை மணக்கும். அங்கே யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. எதற்கும் பதில் சொல்லாமல் சாப்பிட்டதில் பெரியப்பாவுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95 ஆயிரத்துக்கும் மேல். அவர்களைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்கள் தனிக் கணக்கு. ஆளுக்கொரு 'ஆகாது' பட்டியல் உண்டு. என் தீர்ப்பு இதுதான்: காரணம் கேட்காமல் எழுதிக்கொள்கிற நாட்டில், காரணத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். புரட்டாசியில் போகிறவர்கள் பட்டியலை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். முட்டையைத் தனியாகக் குறியுங்கள். ஆறரைக்கே மேசை பிடித்துவிடுங்கள். ஒன்பது மணிக்குப் பல கடைகளில் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள்.