ஆசியாவிலேயே பெரியது

மதுரை மேற்குப் பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்த தங்கம் தியேட்டர்தான் ஆசியாக் கண்டத்திலேயே பெரிய சினிமாக் கொட்டகை என்று, திருமங்கலத்தைத் தாண்டிப் பிரயாணம் செய்தறியாத எங்கள் தெருவாசிகள் எவரிடமும் சத்தியம் செய்யச் சித்தமாயிருந்தார்கள். டோக்கியோவில் எத்தனை நாற்காலி என்று விசாரிக்கும் அவசியம் ஒருவருக்கும் ஏற்படவில்லை. தங்கத்தில் 2,563 இருக்கைகள் என்ற ஒரு பிரமாணமே சகல விவாதங்களுக்கும் போதுமானதாயிருந்தது.

1952-ஆம் வருஷத் தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’தான் அங்கே ஓடிய முதற்படம். சிவாஜி கணேசனுக்கும் அதுவே முதற்படமாதலால், கொட்டகையும் கதாநாயகரும் ஏககாலத்தில் அரங்கேறினார்கள் என்று பெரியவர்கள் பெருமை பேசுவார்கள். நீதிமன்றக் காட்சியின் வசனம் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்ததற்கு அவர் குரலே காரணம், ஒலிபெருக்கி அன்று என்பதும் அவர்கள் கட்சி. மற்றப் படங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முன்வரிசையில் கிளம்பிய சிரிப்பு பின்வரிசையை எட்டுவதற்குள் திரையில் கதாநாயகியின் தாயார் காலமாகியிருப்பாள். சாவு வீட்டில் சிரித்த அபகீர்த்தி பின்னால் இருந்தவர்களுக்கு.

ஆனால் அந்த விஸ்தீரணத்தின் மகிமை பூரணமாய் விளங்கியது, ஆளைத் தேடும்போதுதான். ஒரு நாள், படம் உச்சத்தில் இருந்த வேளையில், புகையேற்றிய கண்ணாடித் துண்டில் ஊசியால் கீறிய ஸ்லைடு ஒன்று, “மீனாட்சியின் தகப்பனார் உடனே வாசலுக்கு வரவும்” என்று கோணல் எழுத்தில் திரையில் தோன்றியது. மதுரை மாநகரில், அத்தனை ஜனங்கள் கூடிய சபையில், இப்படியோர் அறிக்கை விடலாமா? வரிசைக்கு நாலு தகப்பனார்கள் எழுந்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு, சோடாப் பாட்டில்களை உருட்டிக்கொண்டு ஓடினார்கள். தத்தம் மீனாட்சி க்ஷேமம் என்றறிந்து திரும்பியவர்கள், இருட்டில் சொந்த ஆசனத்தைக் காணமாட்டாமல், அந்நியக் குடும்பங்களின் நடுவே அமர்ந்து மிச்சப் படத்தைப் பார்த்தார்கள். நிஜமாகவே தேடப்பட்டவரோ, “ஊர் முழுக்க மீனாட்சி, நம்மையா கூப்பிடப் போகிறான்?” என்று என் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

எந்தப் பெருமை அதை வளர்த்ததோ அதுவே அதற்கு எமனும் ஆயிற்று. வீட்டுக் கூடத்தில் டெலிவிஷன் வந்து குந்திக்கொண்ட பிறகு, இருநூறு பேர் சேர்ந்தால் சின்னக் கொட்டகையில் அது கூட்டம். தங்கத்திலோ அது பாலைவனத்தில் வழி தப்பிய யாத்திரைக் கோஷ்டி. மூடினார்கள், பிறகு இடித்தார்கள். அவ்விடத்தில் இப்போது பல மாடி ஜவுளிக்கடை. அங்கேயும் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த காட்சி கிடையாது, இடைவேளையும் கிடையாது, கட்டணத்தை மட்டும் காட்சி முடிந்தபின் வசூலிக்கிறார்கள்.